குருத்தெலும்புக் கட்டி: காலந்தாழ்த்தாதீர்

மூட்டுகளில் எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான திசுவே குருத்தெலும்பு. அதிலிருந்து தோன்றும் எலும்புக் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. தொல்லை தராதவற்றைக் கண்காணித்தாலே போதும். ஆனால், உடல்வளர்ச்சி நின்ற வயதுக்குப் பின்னும் கட்டி பெருத்தாலோ, இரவிலும் ஓய்விலும் வலி நீடித்தாலோ உடனே வருதல் வேண்டும்.

கல்வராயன் மலையூர்களிலிருந்து வருவோரிடம் நாங்கள் வலியுறுத்துவது இது: அவ்விடத்தை நீவவோ, எண்ணெய்க்கட்டுப் போடவோ வேண்டா. கள்ளக்குறிச்சியில் முதலில் எக்ஸ்ரே எடுப்போம், ஐயமிருப்பின் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். திசுப் பரிசோதனையை, அறுவை செய்யவிருக்கும் குழுவே செய்தல் நன்று. ஊசி சென்ற பாதையையும் கட்டியோடு நீக்க நேரிடலாம். குருத்தெலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் கீமோ சிகிச்சைக்குக் கட்டுப்படாது. முழுமையாக அகற்றும் அறுவையே முதன்மைச் சிகிச்சை. பழைய படங்களைப் பத்திரப்படுத்துங்கள். கட்டி வளர்ந்ததா என்பதை அவையே காட்டும்.