வீடற்றோர் எனப்படுவோர் யார்?



வீடற்றவன் யார் என வினவினால், நடைபாதையில் உறங்குபவன் என்று உடனே விடை பகர்கின்றோம். இவ்விடை போதாது என்பதை, இங்கிலாந்தில் வாழும் கறுப்பின மக்களும் ஆசிய மக்களும் பட்ட அனுபவங்கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம். அந்நாட்டுச் செய்தி நமக்கெதற்கு எனச் சிலர் கேட்கக்கூடும். வாடகைக்கு அறை கேட்டுச் சென்று, பெயரும் ஊரும் குலமும் விசாரிக்கப்பட்டு, வெறுங்கையுடன் திரும்பியவர் நம்முள் இல்லையா?

1948ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், மேற்கிந்தியத் தீவினர் பலர் 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னுங் கப்பலினின்று டில்பரித் துறையில் இறங்கினர். அவருள் தங்க இடமற்ற இருநூற்றுக்கு மேற்பட்டோர், இலண்டனில் கிளாப்பம் சவுத் என்னுமிடத்தில், குண்டுவீச்சுக்குப் பதுங்கவெனப் போர்க்காலத்தில் தோண்டிய நிலவறையில் தங்க வைக்கப்பட்டனர். அதன்பின் வாடகை அறை தேடியவர்களுக்கு நிறமே தடையாயிற்று. வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறவேற்றுமை பாராட்டுவதை 1968ஆம் ஆண்டுச் சட்டமே பொதுவாக விலக்கியது. அதுவரை அவர்கள் ஒருவர் அறையில் பலராய் ஒண்டினர். 'பார்ட்னர்' என்று தாம் அழைத்த சீட்டுப் பணத்தைக் கூட்டிச் சிலர் வீடு வாங்கினர். (நம் தாய்மார் பிடிக்குஞ் சீட்டும் இதுவேயன்றோ!)

இங்கேதான் நுட்பமொன்று உளது. உற்றார் வீட்டுத் தரையில் ஒண்டுபவன் கணக்கில் வருவதில்லை. நாம் ஆலைத் தொழிலாளியாய் இருந்த நாளில், பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டு முடித்து வந்து படுத்ததுண்டு. எம்மை எவரும் வீடற்றோர் என எழுதவில்லை; நாமும் அவ்வாறு எண்ணவில்லை. இங்கிலாந்திலோ, தெருவில் உறங்குவோரை ஆண்டுக்கொருமுறை, இலையுதிர்காலத்தில் ஓர் இரவைக் குறித்துக் கணக்கெடுக்கின்றனர். சிற்றன்னை வீட்டுக் கூடத்தில் குழந்தையோடு படுத்திருப்பவள் அக்கணக்கில் எங்ஙனம் வருவாள்?

எனினும் 1977ஆம் ஆண்டு வீடற்றோர் சட்டம், இருப்பதற்கு உரிமையுள்ள இடம் இல்லாதவரை வீடற்றவர் என்றது. கணவன் கொடுமைக்கு அஞ்சி வீட்டில் இருக்கமாட்டாதவளும் அதனுள் அடங்குவள். குற்றம் சட்டத்தில் மட்டுமன்று, அதை நடத்தும் முறையிலும் இருந்தது. மொழியறியாப் பெண் அலுவலகத்திற்கு வந்தால், உடன்வந்த மகனையோ கணவனின் தமையனையோ மொழிபெயர்க்கச் சொன்னார்கள். கொடுமை செய்தவனின் உறவினன் முன் அவள் என் சொல்வாள்? சம்பளம் பெறும் மொழிபெயர்ப்பாளரைத் தனியறையில் அமர்த்துதலே தக்கது. 1979இல் தோன்றிய 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' போன்ற சங்கங்கள் இத்தகைய பெண்களுக்குத் துணைநின்றன.

வீடு பங்கிடுவதிலும் வேற்றுமை இருந்தது. இலண்டனின் ஹாக்னி நகராட்சியில், ஒத்த நிலையிலுள்ள கறுப்பினத்தார்க்குத் தாழ்ந்த வீடுகளே ஒதுக்கப்பட்டமை 1984இல் வெளியான இனச்சமத்துவ ஆணையத்தின் விசாரணையால் புலப்பட்டது. எவர்க்கு எவ்வீடு என்று ஏட்டில் இனவாரியாக எழுதிப் பார்த்ததாலன்றோ அது தெரிந்தது? ஆதலின் இனத்தைக் குறிப்பதே வேற்றுமை என்போர் கூற்றை நாம் ஏற்கோம். 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இங்கிலாந்து மக்களுள் கறுப்பினத்தார் நூற்றுக்கு நால்வர். உதவிக்குரிய வீடற்றோராய் அண்மை ஆண்டுகளில் பதியப்பட்டோருள்ளோ நூற்றுக்கு ஏறத்தாழப் பதின்மர்.

கறுப்பினத்தார் தாமே வீட்டுச் சங்கங்களும் அமைத்தனர். 1977இல் தோன்றிய 'உஜிமா' அவற்றுள் ஒன்று. கூட்டுழைப்பு எனப் பொருள்படும் சுவாகிலிச் சொல் அது. பெரிதாய் வளர்ந்து, நிதிநெருக்கடியுற்று, 2008இல் வேறொரு சங்கத்துடன் இணைந்தது. நம் சங்கக் கணக்கர்கள் இதனைக் கருதுக.

2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஐம்பத்தாறு நாளுக்குள் வீடிழக்கக்கூடியவர்க்கும் இங்கிலாந்து நகராட்சிகள் உதவல் வேண்டும். ஆகவே நல்ல அலுவலர், 'உமக்கு வீடுண்டா?' என்று கேட்பதில்லை. 'நேற்றிரவு எங்கே உறங்கினீர்? அங்கே இன்னும் எத்தனை இரவு இருக்கவிடுவார்கள்?' என்று கேட்கின்றார்.