கள்ளியா, கேக்டஸா? பூ சொல்லும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய வாலிகண்டபுரத்தில், வாலீஸ்வரர் கோயிலைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் நடந்தால், வேலியோரம் ஆளைவிட உயர்ந்த சதைச்செடிகளைப் பார்க்கலாம். அடித்தண்டு மரம்போலப் பட்டை கட்டியிருக்கும். மேலே இலையே இல்லாத பச்சைக் கிளைகள், விளிம்பு நெடுக முள். ஊரில் கேட்டால் "கள்ளிதாங்க" என்பார்கள். எந்தக் கள்ளி, நர்சரியில் கேக்டஸ் என்று விற்பதும் இதுவும் ஒன்றா என்று கேட்டால் பதில் பூவில்தான் இருக்கிறது. இந்தப் பக்கத்துச் செடிகளோடு பழகி நான் தெரிந்துகொண்டவை இவை.

உடம்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் தட்டுப்பாடான நிலத்தில் செடிகள் இலையைச் சுருக்கும், தண்டில் நீரைச் சேர்க்கும், முள்ளை வளர்க்கும். அமெரிக்கக் கண்டங்களில் கேக்டஸ் குடும்பமும், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கள்ளி இனங்களும் தனித்தனியே இதே உருவத்துக்கு வந்து சேர்ந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். பூவைப் பார்த்தால் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பூக்கிற நேரம் பார்த்துப் போங்கள். பனி விலகி வெயில் ஏறும் மாதங்களில்தான் சதுரக்கள்ளியின் பூக்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கிளை விளிம்பில், முள்ளுக்குச் சற்று மேலே, மஞ்சள் மணிகள் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். எறும்பு மொய்த்தால் தேன் சுரக்கிறது என்று பொருள். வீட்டுத் தோட்டங்களில் தூண்போல வளரும் கேக்டஸ் வகைகள் பலவும் இரவில் மலர்ந்து காலையில் வாடிவிடும். அவற்றைப் பார்க்க விளக்கு வைத்த பிறகு போக வேண்டும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று வைத்திருங்கள். கள்ளியின் மஞ்சள் மணி ஒற்றைப் பூ அன்று, ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிய பூங்கொத்து. கிண்ண விளிம்பில் தடித்த ஐந்து தேன்சுரப்பிகள் பளபளக்கும். உள்ளே நிற்கும் மகரந்தத்தாள் ஒவ்வொன்றும் ஓர் ஆண்பூ. தாளின் நடுவில் தெரியும் சின்னக் கணுதான் அதற்குச் சாட்சி; கணுவுக்குக் கீழே காம்பு, மேலே மகரந்தத்தாள். நடுவில் ஒரே ஒரு பெண்பூ, மூன்று அறைச் சூல்பையோடு. அது முற்றும்போது காம்பு நீண்டு கிண்ணத்துக்கு வெளியே சாயும். ஆடு மேய்க்க வந்த ஓர் அம்மாவிடம் லென்ஸைக் கொடுத்தேன். "இவ்ளோ பூவா சாமி? நான் மொட்டுன்னுல்ல நெனச்சேன்" என்று அடுத்த கிளைக்கும் போய்ப் பார்த்தார்.

மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். பெரிய பூ, அடுக்கடுக்காகப் பல இதழ்கள், எண்ண முடியாத மகரந்தத்தாள்கள், இதழுக்குக் கீழே சூல்பை என்றால் கேக்டஸ். சப்பாத்திக்கள்ளியும் அந்தக் குடும்பம்தான். ஐந்து இதழ்கள் புனலாக ஒட்டியிருந்து, அடித்தண்டு பருத்திருந்தால் அடீனியம், அரளிக்குச் சொந்தம். கிண்ணப்பூ என்று உறுதியானபின் உடம்புக்கு வரலாம். கிளை மூன்று முதல் ஐந்து பட்டையாக, முள் இரண்டிரண்டாக இருந்தால் 1753இல் லின்னேயஸ் பெயரிட்ட யூஃபோர்பியா ஆன்டிகோரம், நம் சதுரக்கள்ளி. முள்ளே இல்லாமல் பென்சில் கனத்தில் குச்சிகளாக இருந்தால் கொம்புக்கள்ளி.

பாலிடம் எச்சரிக்கையாக இருங்கள். கிளையை ஒடிக்காதீர்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும். தெறித்துவிட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்வதும் கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதிருப்பதும் நல்ல பழக்கம்.

பதிவு செய்து சரிபாருங்கள். முழுச்செடி, கிளையின் பட்டை, முள், பூ, காய் என ஐந்து படங்கள் எடுத்து, ஊர்ப்பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். நம் வட்டாரத் தாவரங்களுக்கு அருட்தந்தை கே.எம். மேத்யூவின் தமிழ்நாடு கர்நாடகத் தாவர நூல்தான் முதல் துணை. அவர் தொடங்கிய ராபினாட் உலர்தாவரகம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருக்கிறது.

கம்பிவேலி வந்ததும் கள்ளிவேலியை வெட்டிச் சாய்ப்பது சுலபமாகிவிட்டது. வெட்டும் முன் ஒரு பருவம் பொறுத்து, அது பூப்பதைப் பாருங்கள். பெயரும் குடும்பமும் தெரிந்த செடியை வெறும் முள்புதர் என்று ஒதுக்க மனம் வராது.