யூரோபீட் கேட்கும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

புதிதாக வந்த யூரோபீட் தொகுப்பை வாங்கிக் கேட்டதாகவும், "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை" என்றும் எழுதியிருந்தாய். நானும் அதைக் கேட்டேன். நிறுத்த மனசு வராததில் எனக்கு ஆச்சரியமில்லை. "ஒரே மாதிரி" என்றாயே, அதைப் பற்றித்தான் உன்னோடு பேச வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் இந்த இசை உனக்கு ஆயுசுக்கும் துணை இருக்கும்.

நீ கேட்பது இத்தாலியில் தயாராகி, பெரும்பாலும் ஜப்பானுக்காகவே எழுதப்பட்ட நடன இசை. எண்பதுகளில் இத்தாலோ டிஸ்கோவும் பிரிட்டனின் ஹை-எனர்ஜி பாட்டுகளும் ஐரோப்பா முழுக்க ஓடின. பிறகு அங்கே ஹவுஸும் டெக்னோவும் வந்து அவற்றை ஓரங்கட்டின. டோக்கியோவின் டிஸ்கோக்களோ பழைய மெட்டை விடவே இல்லை. அங்கிருந்த பசிக்கு மான்டோவா, வெரோனா, பிரேஷா என்று வட இத்தாலிய ஊர்களின் ஸ்டுடியோக்கள் வருடக்கணக்கில் பாட்டு அனுப்பின. சொந்த ஊரில் அவற்றைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. 1990 ஜனவரியில் 'சூப்பர் யூரோபீட்' தொகுப்பு வரிசை தொடங்கியது. முதல் 10 தொகுதிகளை ஆல்ஃபா நிறுவனம் வெளியிட்டது. அதன் பிறகு ஏவெக்ஸ். 2018இல் அது 250ஆவது தொகுதியைத் தொட்டது. ஒரு பாடகர், ஒரு ஆல்பம் என்ற கணக்கு இந்த இசைக்கு அதிகம் பொருந்தாது. தொகுப்பில் இடம்பெறவே பாட்டு எழுதினார்கள். அதனால் ஒரு தொகுப்பை எடைபோடுவது என்பது இங்கே இசையையே எடைபோடுவதுதான்.

இனி அந்த ஒரே மாதிரி. வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 150 முதல் 160 தட்டு வரை. கிக் டிரம் ஒவ்வொரு தட்டிலும் விழும். இடைவெளியெல்லாம் பாஸ் ஓடி நிரப்பும். தொடக்கத்தில் சிந்தசைசரில் ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு, பிறகு அடக்கமான சரணம், அதிலிருந்து மேலே ஏறும் ஓர் இடைப்பகுதி, உச்சத்தில் பல்லவி, உடனே மறுபடி அந்த ரிஃப். கிட்டத்தட்ட எல்லாப் பாட்டுக்கும் இதுதான் அச்சு. இது சோம்பேறித்தனத்தால் வந்ததில்லை. ஜப்பானில் இந்தப் பாட்டுகளுக்குப் பாராபாரா ஆடுகிறார்கள். வரிசையாக நின்று, காலைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தி, கைகளால் ஒரே அசைவை எல்லோரும் சேர்ந்து செய்யும் ஆட்டம் அது. ஒவ்வொரு பாட்டுக்கும் தனி அசைவுகள். அவற்றைக் கற்றுத்தர வீடியோ கேசட்டுகளே விற்றன. ரிஃப் எப்போது திரும்பும் என்று ஆடுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். அச்சு மாறாததால்தான் நூறு பேரின் கை ஒரே நேரத்தில் உயர்கிறது.

அச்சு மாறாத இசையில் திறமை வேறு இடத்தில் இருக்கும். யூரோபீட்டில் அது பல்லவிக்கு முந்தைய அந்த இடைப்பகுதியில் இருக்கிறது என்பது என் திடமான எண்ணம். உனக்குத் தெரிந்த 'ரன்னிங் இன் த நைன்டீஸ்' பாட்டையே எடுத்துக்கொள். ஹெட்போன் மாட்டி, ரிஃப்பை விட்டுவிடு, குரலை மட்டும் பின்தொடர். சரணத்தில் குரல் பேசுவதுபோல் தாழ்ந்து போகிறது. அடுத்த சில வரிகளில் அடியில் கார்டுகள் நகர நகர, குரல் படிப்படியாக இறுக்கம் ஏற்றிக்கொள்கிறது. பல்லவி வெடிக்கும்போது கிடைக்கும் சந்தோஷம் முழுவதும் அந்தச் சில வரிகள் சேர்த்துவைத்தது. பல பாட்டுகளில் இந்த இடத்தில் சுருதியே மாறும். மெலிந்த பாட்டில் ரிஃப் நன்றாக இருக்கும், பல்லவியைக் கூடச் சேர்ந்து கத்தலாம், ஆனால் நடுவில் ஒன்றும் நடக்காது. நீ கேட்ட தொகுப்பில் புதிய பாட்டுகள் சில அப்படித்தான் இருக்கின்றன. வேகம் இருக்கிறது, ஏற்றம் இல்லை.

அடுத்து, உறையில் பாடகர் பெயரைப் பார்த்துப் பாட்டைத் தேடாதே. மேக்ஸ் கோவேரி பெயரில் 'ரன்னிங் இன் த நைன்டீஸ்' பாடியவரும், நிக்கோ பெயரில் 'நைட் ஆஃப் ஃபயர்' பாடியவரும் ஒருவரே: மவுரிட்சியோ டி யோரியோ. 'டேஜா வூ' பாடிய டேவ் ராஜர்ஸின் இயற்பெயர் ஜியான்கார்லோ பாஸ்குயினி, மான்டோவாக்காரர். லெஸ்லி பாரிஷ், செர்ரி, விக்கி வேல் என்று பல பெயர்களில் கேட்கும் கிளாரா மொரோனி, இத்தாலியின் பெரிய ராக் பாடகர் வாஸ்கோ ரோஸ்ஸியின் குழுவில் பல ஆண்டுகள் பின்னணி பாடியவர். ஒரே பெயரில் வெவ்வேறு காலத்தில் வேறு வேறு ஆட்கள் பாடியதும் உண்டு. ஆகவே பொடி எழுத்தில் இருக்கும் இசையமைப்பாளர் பெயரையும் லேபிள் பெயரையும் படி. பாஸ்குயினி தொடங்கிய ஏ-பீட் சி என்றால் கிட்டாரும் ராக் முறுக்கும். டைம் என்றால் பளபளப்பும் இனிமையான பெண் குரலும். லாரன்ட் நியூஃபீல்டின் டெல்டா என்றால் மெலடி, அதிலும் கொஞ்சம் சோகம் கலந்தது. எனக்கு டெல்டாதான் உயிர். இந்த அடையாளம் காதுக்குப் பிடிபட்டுவிட்டால் "ஒரே மாதிரி" என்ற பேச்சை நீயே விட்டுவிடுவாய்.

தொகுப்பைப் பற்றி எனக்கு இரண்டு குறைகள். ஒன்று, அது நான்-ஸ்டாப் மிக்ஸ். காரில் போகவும் ஆடவும் அது சுகம்தான். ஆனால் ஒவ்வொரு பாட்டையும் பாதியில் வெட்டி அடுத்ததோடு ஒட்டுகிறார்கள். முதலில் பலியாவது நான் சொன்ன அந்த இடைப்பகுதியின் இரண்டாவது வருகை. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் எக்ஸ்டெண்டட் மிக்ஸில் அதே பாட்டைக் கேள், வேறு பாட்டோ என்று தோன்றும். இரண்டாவது குறை இன்னும் பெரியது. ஷிகெனோ ஷுய்ச்சியின் காமிக்ஸிலிருந்து எடுத்த 'இனிஷியல் டி' அனிமே 1998இல் வந்து, மலைப்பாதையில் சறுக்கும் காருக்கு இந்த இசையைப் பின்னணி ஆக்கியதிலிருந்து உலகம் முழுக்க ரசிகர்கள் சேர்ந்தார்கள். நீயும் அந்த வழியாகத்தான் வந்தாய், அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அன்று முதல் தொகுப்பாளர்கள் அதே பத்துப் பதினைந்து பாட்டைத் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். 250 தொகுதிகள் நிறையப் பாட்டு இருக்கும்போது, தெரிந்த இரண்டு பாட்டுக்கு நடுவே தெரியாத ஒன்றை வைக்கத் தயங்குவது ரசிகனை நம்பாததுதான். உன் தொகுப்பில் அப்படித் துணிந்து வைத்த பாட்டுகள் கடைசிப் பகுதியில் இருக்கின்றன. நீ அதுவரை போயிருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன், போ.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை. மைக்கேல் ஃபோர்துனாட்டியின் 'கிவ் மீ அப்' பாட்டை முதலில் கேள். 1986இல் வந்தது, இன்றைய வேகத்துக்கு அது நிதானமாகத் தெரியும், அச்சு அப்போதே உருவாகிவந்ததும் தெரியும். அதன் பிறகு லோலிட்டாவின் 'ட்ரை மீ', கையோடு அமுரோ நமியே 1995இல் ஜப்பானிய மொழியில் பாடிய அதே பாட்டு. ஒரே மெட்டு இரண்டு மொழியில் எங்கே மூச்சு விடுகிறது என்று கவனி. கடைசியாக 'நைட் ஆஃப் ஃபயர்', முழு நீளத்தில், சத்தத்தைக் குறைக்காமல். நாலில் எதன் இடைப்பகுதி உன்னைப் பிடித்தது, அதை எழுதியவர் யார் என்று பார்த்து எனக்கு எழுது. அந்தப் பெயரை வைத்து உனக்கு அடுத்த பட்டியல் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்