சல்லடை முன்னோ, கூட்டல் முன்னோ?
(விற்பனைக் கணக்கைத் தொகுக்கும் முறை பற்றிய பாடம்)

மானிய விலையில் உரம் விற்கும் கடைகளின் விற்பனை, 2018 மார்ச் முதல் நாடெங்கும் பி.ஓ.எஸ். கருவியில் பதிவாகி வருகிறது. பல்லாயிரம் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பொருள் காண்பது எவர்க்கும் இயலாது. ஆகவே அவற்றைக் கடைவாரியாகவும் வட்டவாரியாகவும் தொகுத்துக் கூட்டுகிறோம். வேண்டாதவற்றை வடிகட்டி விலக்குகிறோம். இவ்விரு செயல்களுள் எது முன்னர் நிகழ்கிறது என்பதைப் பொறுத்து விடையே மாறக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு மாதத்தில் முதற் கடை 24 சீட்டுகளுக்கு யூரியா விற்றது எனக் கொள்க. அவற்றுள் 20 சீட்டுகள் ஒவ்வொரு மூட்டைக்கும், 4 சீட்டுகள் ஐவைந்து மூட்டைகளுக்கும் உரியவை. ஆக 40 மூட்டைகள். இரண்டாம் கடையில் 6 சீட்டுகள். ஒவ்வொன்றும் ஐந்து மூட்டைக்கு உரியது. ஆக 30 மூட்டைகள். மூட்டை ஒன்று 45 கிலோ ஆதலின், முதற் கடையின் விற்பனை 1,800 கிலோ. மற்றதன் விற்பனை 1,350 கிலோ. (டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. ஆதலால் பல உரங்களைச் சேர்த்துக் கூட்டுங்கால், மூட்டைகளை எண்ணாது கிலோவிலேயே கூட்டுதல் வேண்டும்.)

1,000 கிலோவுக்கு மேல் விற்ற கடைகள் எவை? முதலில் கூட்டிப் பின்னர் வடிகட்டினால், இரு கடைகளும் பட்டியலில் நிற்கும். ஆனால், சிறு சீட்டுகள் எதற்கு என்று கருதி, ஒரு மூட்டைச் சீட்டுகளை முன்னரே விலக்கிவிட்டால், முதற் கடையின் தொகை 900 கிலோவாகச் சுருங்கும். மிகுதியாக விற்ற கடையே பட்டியலிலிருந்து மறைந்துவிடும்! அதனுடன் மறைவோர், ஒரே மூட்டை வாங்கிய சிறு விவசாயிகள் ஆவர். அடுத்த மாத ஒதுக்கீட்டை இப்பட்டியல் கொண்டு முடிவு செய்தால், தட்டுப்பாடு அவர்களையே தாக்கும்.

கணிப்பொறியில் இவ்விரு சல்லடைகளும் தனித்தனியே உள்ளன. எஸ்.க்யூ.எல். மொழியில் ‘வேர்’ என்னும் ஆங்கிலச் சொல் தொகுப்பதற்கு முன்னும், ‘ஹேவிங்’ என்னும் சொல் தொகுத்த பின்னும் வடிகட்டும். எக்ஸெல் பிவட் அட்டவணையில், மதிப்பைக் கொண்டு வடிகட்டும் வசதி கூட்டுத்தொகையின்மீது செயற்படுவது.

முன் வடிகட்டல் எப்பொழுதும் பிழை என்பதன்று. யூரியாவை மட்டும் அறிய விரும்புவோர் பிற உரங்களை முன்னரே விலக்குதல் முறையே. நிபந்தனை தனிச் சீட்டைப் பற்றியதா, கூட்டுத்தொகையைப் பற்றியதா என்று வினவிக்கொண்டால் ஐயம் தீரும்.

பயிற்சி: ஆசிரியர்கள் 30 காகிதத் துண்டுகளில் மேற்கண்ட சீட்டுகளை எழுதி, மாணவர்களை இரு முறையிலும் கூட்டச் செய்யலாம். களப் பணியாளர்கள் தாம் அனுப்பும் ஒவ்வோர் அறிக்கையின் தலைப்பிலும், எவை விலக்கப்பட்டன, கூட்டுவதற்கு முன்னரா பின்னரா என்பதை ஒரு வரியில் குறித்தல் நன்று. அவ்வரி இல்லாத தொகையைக் கொண்டு ஒதுக்கீடு செய்தல் தகாது.