ஒப்படை செய்யும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சில குறிப்புகள்

அமிர்தகழியிலிருந்து காலையில் வந்தாறுமூலைக்கு பஸ் ஏறும் பிள்ளைகளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணக்கீடு படிப்பவர்கள் இருக்கிறார்கள். மஞ்சந்தொடுவாய் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒலுவிலிலும் கிளிநொச்சியிலும் பேராதனையிலும் பொறியியல் படித்து, விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பாடம் எதுவானாலும் எல்லோர் பையிலும் ஒப்படை ஒன்று இருக்கும். இரவு பத்து மணிக்கு மேசையில் தனியே அதோடு போராடும் பிள்ளைக்கும், என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நிற்கும் வீட்டாருக்கும் இந்தக் குறிப்புகள்.

1. கேள்வியை வாசித்தவுடன் கணிப்பானை எடுக்க வேண்டாம். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலக் கேள்வியைப் பார்க்கும் பிள்ளைக்குப் பாதிச் சிக்கல் வாசிப்பில்தான். தாளை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் ‘தந்தவை’, மறுபக்கம் ‘கேட்பவை’. இரண்டையும் தமிழிலேயே எழுதுங்கள். பிறகு திகதிகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

ஒரு உதாரணம். வள்ளத்துக்கு இயந்திரம் ஒன்று 360,000 ரூபாவுக்கு வாங்கப்பட்டது. ஆயுள் ஐந்து வருடம், இறுதிப் பெறுமதி 60,000 ரூபா, நேர்கோட்டு முறை. வருடத்துக்குப் பெறுமானத் தேய்வு 60,000 ரூபா என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் வாங்கிய திகதி ஒக்டோபர் 1, கணக்காண்டு முடிவது மார்ச் 31 என்றால் இந்த வருடத்துக்கு ஆறு மாதம்தான், 30,000 ரூபா. முறை தெரிந்தும் புள்ளியை இழப்பது இப்படித்தான்.

2. யூரியூப்பில் தமிழ்நாட்டு ஆசிரியர்களின் கணக்குப் பாடங்கள் ஏராளம் கிடைக்கின்றன. நல்ல பாடங்கள், தாராளமாகப் பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கையை மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவிட்டுப் பாருங்கள். நமது பாடப்புத்தகங்களில் இடப்பக்கம் ‘வரவு’, வலப்பக்கம் ‘செலவு’. அவர்களிடம் இடப்பக்கம் ‘பற்று’, வலப்பக்கம் ‘வரவு’. அதாவது அவர்கள் ‘வரவு வையுங்கள்’ என்று சொன்னால் நீங்கள் வலப்பக்கம் பதிய வேண்டும். இது தெரியாமல் காணொளியைப் பார்த்துக்கொண்டே பதிந்தால் பேரேடு முழுவதும் தலைகீழாகிவிடும். நமது பரீட்சை மீதிக்கு அவர்கள் இருப்பாய்வு என்பார்கள், பெறுமானத் தேய்வுக்குத் தேய்மானம் என்பார்கள். அவை ஆபத்தில்லை, வேறு சொல் என்று உடனே தெரிந்துவிடும். ஒரே சொல் எதிர்ப்பக்கத்தைக் குறிப்பதுதான் ஆபத்து.

3. அதே காணொளிகளில் 1,00,000 என்று காற்புள்ளி இடுவார்கள். நாம் 100,000 என்று எழுதுகிறோம். கொப்பியில் ஒரே முறையை வைத்திருங்கள். கலந்து எழுதினால் பூச்சியம் ஒன்று கூடும், அல்லது குறையும்.

4. பரீட்சை மீதி சமப்படவில்லையா? முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கூட்டாதீர்கள். இரவு வீணாகும். வித்தியாசமே எங்கே தேடுவதென்று சொல்லும்.

வரவுப் பக்கம் 846,350, செலவுப் பக்கம் 846,530 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 180. முதலில் 180 என்ற தொகையே எங்காவது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை இரண்டால் வகுங்கள், 90 வரும். 90 ரூபா மீதி ஒன்று வரவுப் பக்கத்துக்குப் பதிலாகச் செலவுப் பக்கத்தில் போடப்பட்டிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகி 180 ஆகும். அதுவும் இல்லையென்றால் ஒன்பதால் வகுங்கள். மீதியின்றி வகுபட்டால், பெரும்பாலும் இலக்கங்கள் இடம் மாறியிருக்கும். இங்கே 180 ஐ ஒன்பதால் வகுத்தால் 20. ஆகவே நூறாம் இடத்து இலக்கமும் பத்தாம் இடத்து இலக்கமும் மாறியிருக்கின்றன, அவை இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் 2 என்று தேடலாம். கடன்கொடுத்தோர் மீதி 4,570 ஐ 4,750 என்று எழுதியிருப்பீர்கள். 500 ஐ 5,000 என்று எழுதினாலும் வித்தியாசம் 4,500, அதுவும் ஒன்பதால் வகுபடும்.

இந்த மூன்று சோதனைக்கும் ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகும் கிடைக்காவிட்டால் தொங்கல் கணக்கு ஒன்றைத் திறந்து வித்தியாசத்தை அதில் வைத்துவிட்டு, அடுத்த பகுதிக்குப் போங்கள். தொங்கல் கணக்கு இருப்பதே அதற்காகத்தான்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பரீட்சை மீதி சமப்பட்டதால் கணக்கு முழுக்கச் சரி என்று ஆகாது. வள்ள இயந்திரத்தைத் திருத்திய செலவை இயந்திரக் கணக்கிலேயே பதிந்திருந்தாலும் சமப்படும். ஒரு கொடுக்கல் வாங்கலை இரண்டு பக்கமும் பதியாமல் விட்டாலும் சமப்படும்.

5. தாளின் ஓரத்தில் அடிமட்டத்தால் நிரல் கோடுகள் இழுத்து, ஒன்று ஒன்றின் கீழும் பத்து பத்தின் கீழும் வருமாறு எழுதுங்கள். கூட்டற் பிழையில் பெரும்பகுதி சாய்ந்து எழுதுவதால் வருவது.

6. பழைய புத்தகத்தை வைத்துப் படிக்கிறவர்கள் அதன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். இலங்கையில் 2012 ஜனவரி முதல் கணக்கீட்டு நியமங்கள் சர்வதேச நியமங்களோடு ஒத்துவருமாறு மாற்றப்பட்டன. ஐந்தொகை என்று படித்தது இப்போது நிதி நிலைமைக் கூற்று. அதைவிட முக்கியம் இருப்பு மதிப்பீடு. கடைசியாக வாங்கியது முதலில் விற்கப்பட்டதாகக் கொள்ளும் முறையை இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 அனுமதிப்பதில்லை. அமெரிக்கப் புத்தகங்களில் அந்த முறைக்கு இன்றும் தனி அத்தியாயம் இருக்கும், ஏனென்றால் அங்கே அனுமதி உண்டு. அந்த நூலில் ஒரு கணக்கைச் செய்து பழகிவிட்டு, இங்கே ஒப்படையில் அப்படியே எழுதினால் விரிவுரையாளர் வெட்டத்தான் செய்வார்.

7. பொறியியல் பிள்ளைகளுக்கு: ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். இறுதி விடையில் மட்டும் எழுதுவது போதாது. சூத்திரத்தில் இலக்கத்தைப் போடும்போதே கூடவே அலகும் போக வேண்டும்.

1983 ஜூலை 23 ஆம் திகதி எயார் கனடா விமானம் ஒன்றின் இரண்டு இயந்திரங்களும் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றுபோயின. கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த போயிங் 767 விமானத்தின் எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிட வேண்டும். லீற்றரை நிறையாக மாற்ற ஏறத்தாழ 0.8 என்ற எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். இறாத்தலுக்கு உரிய 1.77 ஆல் பெருக்கினார்கள். தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் ஏறியது. விமானி அதைச் சறுக்கிக்கொண்டு போய் கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கியதால் எல்லோரும் உயிர் தப்பினார்கள். 1.77 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஒரு லீற்றருக்கு இத்தனை இறாத்தல்’ என்று முழுதாக எழுதிப் பார்த்திருந்தால், கையால் கணக்குப் போட்டவர்களே பிழையைக் கண்டிருக்கலாம்.

அமெரிக்க நூல்களில் அழுத்தமும் தகைப்பும் சதுர அங்குலத்துக்கு இறாத்தலில் வரும். 1,000 என்றால் நமது மெகாபஸ்காலில் ஏறத்தாழ 6.9. இந்த ஒன்றை மனப்பாடமாக வைத்திருங்கள்.

8. விடை வந்ததும் அது நடக்கக்கூடியதா என்று கேளுங்கள். 16 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் கம்பியில் 20 கிலோநியூட்டன் இழுவை. பரப்பு ஏறத்தாழ 201 சதுர மில்லிமீற்றர், தகைப்பு ஏறத்தாழ 99.5 மெகாபஸ்கால். சாதாரண மென்னுருக்கு ஏறத்தாழ 250 இல்தான் இளகத் தொடங்கும், ஆகவே இது நியாயமான விடை. உங்கள் தாளில் 99,500 மெகாபஸ்கால் என்று வந்திருந்தால் அந்தக் கம்பி எப்போதோ அறுந்திருக்க வேண்டும். கிலோபஸ்காலையும் மெகாபஸ்காலையும் எங்கோ கலந்துவிட்டீர்கள்.

9. படம் வரையாமல் விசைக் கணக்கைத் தொட வேண்டாம். பொருளை மட்டும் தனியே எடுத்து, அதன்மேல் வரும் ஒவ்வொரு விசைக்கும் ஒரு அம்புக்குறி. தாங்கிகளை அழித்துவிட்டு அவற்றின் மறுதாக்கத்தை வரையுங்கள்.

ஆறு மீற்றர் வளை ஒன்று இரு முனையிலும் தாங்கப்பட்டிருக்கிறது. இடமுனையிலிருந்து இரண்டு மீற்றரில் 12 கிலோநியூட்டன் சுமை. இடமுனையைச் சுற்றித் திருப்பம் எடுத்தால் 12 ஐ 2 ஆல் பெருக்கி 6 ஆல் வகுக்க, வலது மறுதாக்கம் 4. மீதி 8 இடதுபக்கம். சுமைக்குக் கிட்ட இருக்கும் தாங்கிதான் கூடுதலாகத் தாங்கும், படத்தைப் பார்த்தாலே தெரியும். இனிச் சுமைக்குக் கீழே வளைவுத் திருப்பத்தை இடப்பக்கமிருந்து பாருங்கள்: 8 தரம் 2, 16. வலப்பக்கமிருந்து பாருங்கள்: 4 தரம் 4, அதுவும் 16. இரண்டு வழியிலும் ஒன்றே வந்தால் விடைத்தாளைத் தேட வேண்டியதில்லை. இப்படித் தானே சரிபார்க்கக் கற்ற பிள்ளை பரீட்சை மண்டபத்திலும் நிதானமாக இருக்கும்.

10. சட்டகக் கணக்கு மண்டையில் ஏறாவிட்டால் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். 2013 இல் திறந்த புதிய பாலத்தில் வாகனங்கள் போகட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்கும் பிரித்தானியர் காலத்து லேடி மானிங் பாலத்தைப் பாருங்கள். கொப்பியில் கோடுகளாக இருப்பவை அங்கே இரும்பாக நிற்கின்றன. உறுப்புகள் எங்கே சந்திக்கின்றன, ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை உறுப்புகள் சேருகின்றன என்று எண்ணுங்கள். இரு முனையிலும் தாங்கிய சட்டகத்தில் சுமை வரும்போது மேல் உறுப்புகள் அமுக்கப்படும், கீழ் உறுப்புகள் இழுபடும். கொப்பியில் ஒரு கண்ணறையை வரைந்துகொண்டு வந்து வீட்டில் சந்திப்பு முறையில் தீர்த்துப் பாருங்கள். இந்த ஊர்ப் பிள்ளைக்கு இதைவிடச் செலவில்லாத ஆய்வுகூடம் கிடையாது.

11. கணிப்பானை எடுத்ததும் முதலில் சைன் 30 அழுத்துங்கள். 0.5 வந்தால் பாகையில் இருக்கிறது. மறை 0.988 வந்தால் ஆரையனில் இருக்கிறது, மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள், தம்பி தங்கச்சி எடுத்து விளையாடும் வீட்டில் கட்டாயம்.

12. மாமாங்கேஸ்வரர் திருவிழா நாட்களில் அமிர்தகழியில் இருந்துகொண்டு படிக்க முடியாது, படிக்கச் சொல்லவும் கூடாது. ஒலிபெருக்கி, வீடு நிறைய உறவினர், ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வெளியூர்ச் சனம். அந்தக் கிழமைக்குள் கொடுக்க வேண்டிய ஒப்படை இருந்தால் கொடியேற முன்னரே முடித்துவிடச் சொல்லுங்கள், அல்லது காலையில் பொது நூலகத்துக்கு அனுப்புங்கள். மார்கழி மழைக்குக் கறண்ட் போகும் என்று தெரிந்ததே. தட்டச்சு வேலையைப் பகலில் முடித்து, கையால் செய்யும் கணக்கை இரவுக்கு வையுங்கள். 2022 இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில் இந்த ஒழுங்கோடு படித்தவர்கள்தான் ஒப்படைகளை நேரத்துக்குக் கொடுத்தார்கள்.

13. எவ்வளவு நேரம் தனியே முயல்வது? அரை மணித்தியாலம் என்பேன். அதற்குள் ஒரு வரிகூட நகரவில்லையென்றால் கேட்கத் தயங்க வேண்டாம். ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. வட்ஸ்அப் குழுவில் ‘மூன்றாம் கேள்விக்கு விடை அனுப்புங்கோ’ என்று போடாதீர்கள். நீங்கள் செய்த அளவைப் படமெடுத்துப் போட்டு, ‘இந்த வரிக்குப் பிறகு ஏன் இப்படி வருகிறது’ என்று கேளுங்கள். முதலாவதுக்கு விடை வரும், இரண்டாவதுக்கு விளக்கம் வரும்.

காசு வாங்கிக்கொண்டு ஒப்படை எழுதித் தருகிறவர்களிடம் போகவே வேண்டாம். பெற்றோர் கஷ்டப்பட்டு உழைத்த காசில், பிள்ளை கற்க வேண்டியதை இன்னொருவர் கற்கிறார், வேறொன்றும் நடப்பதில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமும் எழுதி வாங்க வேண்டாம். படிமுறையை விளங்கப்படுத்தக் கேட்கலாம், ஆனால் பிழையான இலக்கத்தையும் அவை துணிந்து எழுதும். நான்காம், ஒன்பதாம் குறிப்புகளில் உள்ளபடி கையால் சரிபார்க்காமல் எதையும் கொப்பியில் ஏற்ற வேண்டாம்.

14. கணக்கீடோ பொறியியலோ தெரியாத அம்மாவும் உதவலாம். பிள்ளை ஒரு கணக்கை முடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, ‘என்ன செய்தாய், எனக்குச் சொல்லு மகள்’ என்று கேளுங்கள். இடையில் ‘ஏன்’ என்று மட்டும் கேளுங்கள். இறால் ஏலத்தில் கடனுக்குக் கொடுத்ததைக் கையில் காசு வரமுன்னரே வருமானமாக எழுதுவது ஏன் என்று கேட்டால், பிள்ளை அட்டுறு அடிப்படையைத் தானே விளக்கத் தொடங்கும். தடுமாறும் இடம்தான் விளங்காத இடம். அதைப் பென்சிலால் குறித்து வைத்து மறுநாள் விரிவுரையாளரிடம் கேட்கலாம்.

கணக்கின் நடுவில் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். பெண் பிள்ளையைக் குசினிக்குக் கூப்பிடாதீர்கள். பத்து வரிக் கணக்கில் ஏழாம் வரியில் எழுந்து போனவர் திரும்ப முதலாம் வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

15. ஒரு சின்னக் கொப்பியில் பிழைகளை மட்டும் எழுதுங்கள். கேள்வி, நான் செய்தது, சரியானது, ஏன் பிழைத்தது. பரீட்சைக்கு முதல் நாள் வாசிக்க அதுபோதும்.

16. அடிப்படை ஆட்டம் காண்கிறது என்று தோன்றினால் உயர்தரத்துக்குத் திரும்பிப் போக வெட்கப்பட வேண்டாம். உயர்தரக் கணக்கீட்டின் கடந்தகால வினாத்தாள்கள், இணைந்த கணிதத்தின் நிலையியல் வினாக்கள், பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டம் எல்லாம் தமிழில் இருக்கின்றன. எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தாலே, விடையைவிடச் செய்முறைக்கு எவ்வளவு மதிப்பு என்று விளங்கும்.

17. படித்து முடித்து வேலைக்குப் போன அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். அலுமாரியில் கிடக்கும் புத்தகங்களையும் கணிப்பானையும் உங்கள் ஒழுங்கையில் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். பழைய ஒப்படைக் கோவையைக் கொடுக்க வேண்டாம், அது பார்த்தெழுதத்தான் உதவும். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.