சொன்ன பிள்ளையைத் தனியே விடாதீர்கள்



2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும், தடுக்க வந்த தங்கையையும், உடன் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தன்னைச் சாதி சொல்லி வதைப்பதை அவன் ஆசிரியர்களிடம் சொல்லியிருந்தான். சொன்னதற்கே அந்த வெட்டு. பின்பு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் சாதி காட்டும் கைக்கயிறு கட்டத் தடை வேண்டும் என்றது.

அய்யா வைகுண்டர் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாருக்கும் ஒரே தண்ணீர் தந்தார். குனிந்து நின்றவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிரச் சொன்னார். அவர் பிள்ளைகள் கையில் சாதிக்கயிறு எதற்கு?

ஒத்தக்கடைப் பிள்ளைகளுக்கு மூன்று பாடம் சொல்வோம்.

1. ஒருவனைக் கேலி செய்தால் கூடச் சேர்ந்து சிரிக்காதே. சிரிக்க ஆள் இல்லாத கேலி நீளாது.

2. ஒதுக்கப்பட்டவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. அன்னதர்மத்தில் நாம் உட்காரும் வரிசை பள்ளியிலும் இருக்கட்டும்.

3. அடி, மிரட்டல் என்றால் பெரியவரிடம் சொல். அது கோள் அல்ல, தர்மம்.

நான்காம் பாடம் பெரியவர்களுக்கு. சொன்ன பிள்ளையை அன்று தனியே அனுப்பாதீர்கள். வீடுவரை கூடப் போங்கள். மிரட்டியவனின் பெற்றோரையும் பொறுமையாகப் பாருங்கள். அவனும் திருந்த வேண்டிய நம் பிள்ளைதான். ஆபத்து என்று பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098, இரவிலும் எடுப்பார்கள்.

பிள்ளைகள் நம்மை நம்பிச் சொல்ல வேண்டுமானால், சொன்னபின் நாம் அவர்கள் பக்கம் நிற்க வேண்டும்.

அய்யா உண்டு.