நுரை இல்லாத தண்ணீர் நல்ல தண்ணீரா?

"சுற்றுச்சூழல் மாசு என்றால் என்ன?" என்று நம்ம பிள்ளைகளிடம் கேட்டோம். ஓசோன், புகை, பிளாஸ்டிக் என்று புத்தகத்தில் உள்ளதை ஒப்பித்தார்கள். பக்கத்தில் ஓடும் திருமணிமுத்தாற்றை ஒருத்தரும் சொல்லவில்லை. "அது சாக்கடைதானே!" என்றது ஒரு பிள்ளை. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரைத் தாண்டி, நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேரும் ஆறு அது. அதில் குளித்த கதையை நாம் சொல்லியிருந்தால்தானே அவங்களுக்குத் தெரியும்?

ஆற்று நுரையைப் பற்றிக் கேட்டதும் மடமடவென்று பேசினார்கள். சாயத்தண்ணி, சோப்பு, நாற்றம் எல்லாம் தெரிகிறது. ஆனால், "எங்க கிணத்துத் தண்ணி தெளிவா இருக்கு, நல்ல தண்ணி" என்கிறார்கள். தவறு இங்கேதான். துணியில் சாயம் பிடிக்க உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு கழிவுநீரோடு நிலத்தில் இறங்கினால் கண்ணுக்குத் தெரியாது. பாறையிலிருந்து வரும் ஃப்ளோரைடும் அப்படித்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால், வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இவை போகாது. (நாமும் துணியில் வடிகட்டினால் போதும் என்றுதானே இருந்தோம்!)

ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைத்து, "இது நல்ல தண்ணியா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். முதலில் பார்த்துச் சொல்லட்டும். பிறகு ஒரு வாய் குடிக்கட்டும். அடுத்து, கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். முடிவு வந்ததும் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள்.